வாய் பேசாப் பங்கு: குடும்ப வீட்டு விற்பனையும் இயலாதவர் உரிமையும்

முன்னுரை

வீடு என்னும் சொல் தமிழில் இல்லத்தையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். ஆயினும் முன்னோர் கட்டிய வீட்டை விடுவது எவர்க்கும் எளிதன்று. வறுமையோ நோயோ கடனோ வந்து நெருக்கும்பொழுதே அதனை விற்பதற்கு மனம் ஒருப்படுகிறது. அவ்வாறு எல்லாரும் ஒருப்பட்ட பின்னரும், கையெழுத்திட வேண்டிய ஒருவர் நினைவிழந்து படுக்கையில் கிடப்பாராயின் என் செய்வது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது நூலறிவுக்காக மட்டும் எழுப்பப்படும் வினா அன்று. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில், பாட்டனார் காலத்து வீடு ஒன்று பேரன் பேத்தியர் பலர்க்கும் பொதுவாக நிற்பது இயல்பு. பங்காளிகளுள் ஒருவர் சென்னையில் இருப்பார். ஒருவர் பெங்களூரில் இருப்பார். மற்றொருவர் வளைகுடா நாட்டில் உழைப்பார். ஊரிலேயே தங்கிய ஒருவர் பக்கவாதத்தாலோ சாலை விபத்தாலோ முதுமை மறதி நோயாலோ அறிவு தடுமாறி விடுகிறார். மருத்துவச் செலவிற்குப் பணம் வேண்டும். உள்ள செல்வமோ அவ்வீடு ஒன்றே. அதனை விற்க அவர் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தரும் நிலையில் அவர் இல்லை. அவரைக் காப்பதற்காகவே விற்க வேண்டிய வீடு, அவரை முன்னிட்டே விற்க இயலாமல் நிற்கிறது. இம்முடிச்சை அவிழ்க்கும் முறையை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோம்.

உரிமை அறிவோடு அழிவதில்லை

முதற்கண் யார்க்கு எவ்வளவு பங்கு என்பதைத் தெளிதல் வேண்டும். கீழ்பென்னாத்தூரில் தாம் ஈட்டிய பொருளால் வீடு கட்டிய ஒருவர், விருப்ப ஆவணம் எழுதாமல் இறந்தார் என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர்க்கு மனைவியும் இரு மகன்களும் ஒரு மகளும் உளர். தாய் தந்தையர் முன்னரே மறைந்தனர். அவர் இந்துவாயின், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வர்க்கும் நாலில் ஒரு பங்கு சேரும். அவர் இசுலாமியராயின், மனைவிக்கு எட்டில் ஒன்று போக எஞ்சியதை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் பகிர்தல் வேண்டும். வீட்டை 40 பாகமாகக் கருதினால், மனைவிக்கு 5, மகன் ஒவ்வொருவர்க்கும் 14, மகளுக்கு 7 எனக் கணக்கு அமையும்.

இப்பொழுது இளைய மகன் நினைவிழந்து கிடக்கிறார் என்போம். அவருடைய நாலில் ஒரு பங்கோ 40இல் 14 பாகமோ அணுவளவும் குறைவதில்லை. உடற்குறையோ மனநோயோ வாரிசுரிமைக்குத் தடையன்று என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. இசுலாமியச் சட்டத்திலும் ஒருவர் இறந்த அக்கணமே வாரிசுகள் ஒவ்வொருவர்க்கும் வரையறுத்த பங்கு வந்தடைகிறது. அறிவிழந்தவர் என்பதற்காக எவரும் விலக்கப்படுவதில்லை.

ஆகவே, "அவர்க்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே, அவரை எதற்குக் கேட்க வேண்டும்?" என்னும் பேச்சு சட்டத்திற்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது. அவர் இழந்தது தம் உரிமையைச் செலுத்தும் ஆற்றலையே அன்றி உரிமையை அன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதே இப்பொருளின் திறவுகோல் எனலாம்.

உடல் தளர்ச்சியும் அறிவுத் தளர்ச்சியும்

நோயுற்றார் எல்லாரும் கையெழுத்திடும் தகுதி இழந்தார் அல்லர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அதனைப் புரிந்துகொண்டு, தம் நலனுக்கு அதனால் நேரும் விளைவைச் சீர்தூக்கிப் பார்க்க வல்லவராயின் அவர் தெளிந்த மனத்தினர் ஆவார் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. பெரும்பாலும் தெளிவற்றிருந்து, இடையிடையே தெளிவு பெறுபவர், அத்தெளிவு நிலவும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்பதையும் அப்பிரிவே கூறுகிறது.

எனவே, கைகால் விளங்காமற் போயினும் அறிவு விளங்குமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், நடக்க இயலாதவர் பதிவு அலுவலகத்திற்கு நேரில் வருவதிலிருந்து விலக்கு அளிக்கிறது. தக்க காரணம் காட்டினால் பதிவு அலுவலரே இல்லத்திற்கோ மருத்துவமனைக்கோ வந்து ஆவணத்தைப் பெற்றுக்கொள்ள வழி செய்கிறது. எழுத இயலாதவர், ஆவணம் தமக்குப் படித்துக் காட்டப்பட்டு விளக்கப்பட்ட பின் பெருவிரல் ரேகை பதிக்கலாம். அந்நாளிலேயே மருத்துவர் ஒருவரிடம் மனத்தெளிவு குறித்துச் சான்று பெற்று வைத்தல் பின்னாளில் எழும் ஐயங்களுக்கு அணையாகும்.

அறிவே விளங்காதபொழுது நிலைமை வேறு. ஆவணம் எழுதிக் கொடுப்பவர் மனநலம் இழந்தவராகப் பதிவு அலுவலர்க்குத் தோன்றினால், அவர் பதிவு செய்ய மறுத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் 35ஆம் பிரிவு. சார்பதிவாளர் மறுக்கிறார் என்று அவர்மேல் சினம் கொள்வோர் உளர். உண்மையில், வாய் பேச இயலாத அப்பங்காளிக்கு அவ்விடத்தில் வாயாக நிற்பது அம்மறுப்பே ஆகும்.

செல்லத்தகாத மூன்று வழிகள்

நெருக்கடி வேளையில் உறவினர் மூன்று குறுக்கு வழிகளை நாடுவதுண்டு. மூன்றும் பயனற்றவை.

ஒன்று, நினைவற்றவரின் விரலை மையில் தோய்த்து ஆவணத்தில் பதித்தல். ரேகை அவருடையதாயினும் ஒப்புதல் அவருடையதன்று. புரிந்துகொள்ளும் ஆற்றல் இல்லாதவர் பெயரில் அமைந்த ஒப்பந்தம் செல்லாது. அதனை ஏற்பாடு செய்தவர் குற்ற வழக்கையும் சந்திக்க நேரிடும்.

இரண்டு, நல்ல நிலையில் இருந்தபொழுது அவர் எழுதிக் கொடுத்த பழைய அதிகாரப் பத்திரத்தைப் பயன்படுத்துதல். அதிகாரம் அளித்தவர் இறந்தாலோ மனத்தெளிவு இழந்தாலோ முகமை முடிவுறும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு கூறுகிறது. இதனைப் பலரும் அறிவதில்லை. பவர் பத்திரம் கையில் இருக்கிறது என்னும் துணிவில் முன்பணம் வாங்கிவிட்டுப் பின்னர் இடர்ப்படுவர்.

மூன்று, தாயோ தமையனோ மனைவியோ அவர்க்காகத் தாமே கையெழுத்திடுதல். அன்பு வேறு, அதிகாரம் வேறு. இதற்கு அணித்தான ஒரு வழக்கில் 1918ஆம் ஆண்டிலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் தெளிவான தீர்ப்பு வழங்கியது. தீர்ப்பை உரைத்தவர் இசுலாமியச் சட்டத்தில் பேரறிவு வாய்ந்த சையத் அமீர் அலி. இளம் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துத் தாய் விற்ற வழக்கு அது. பெற்ற தாயேயாயினும், சட்டப்படி சொத்துக் காப்பாளராக அமர்த்தப்படாதவர் பிள்ளைகளின் அசையாச் சொத்தை விற்றால் அவ்விற்பனை அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று அதில் முடிவாயிற்று. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும், வெறும் நடைமுறைக் காப்பாளராக இருப்பவர் இளவர் சொத்தை விற்கலாகாது என்கிறது. பிள்ளைகளுக்குப் பெற்ற தாயே இவ்வாறாயின், வளர்ந்த ஒருவர்க்கு உடன்பிறந்தார் எம்மாத்திரம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வாங்குபவரும் இதனை மனங்கொள்ளல் நன்று. வில்லங்கச் சான்று தூய்மையாக இருக்கலாம். பட்டாவும் சரியாக இருக்கலாம். வாரிசுச் சான்றில் உள்ள ஒருவர் ஒப்புதல் தரும் நிலையில் இல்லாமற் போனால் அவருடைய பங்கு வாங்கியவர்க்கு வந்து சேராது. மனநலம் இழந்தவர்க்கு வழக்குத் தொடரும் காலவரையறையும் அக்குறை நீங்கிய பின்னரே எண்ணப்படும் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கூறுவதால், ஆண்டுகள் பல கழிந்தும் வழக்கு எழ இடமுண்டு. மற்றப் பங்காளிகள் தத்தம் பங்கை மட்டும் விற்கச் சட்டம் தடை செய்யவில்லை. ஆயினும், குடும்பம் வாழும் வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அயலார், கூட்டாகக் குடியிருக்கும் உரிமை பெறார் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறுவதால், அத்தகைய பங்கிற்கு நல்ல விலை கிடைப்பது அரிது.

சட்டம் காட்டும் வழிகள்

அங்ஙனமாயின் நேர்வழி யாது? இயலாமையின் தன்மைக்கேற்ப அது வேறுபடுகிறது.

பிறவியிலேயோ இளமையிலேயோ தோன்றும் புற உலகச் சிந்தனைக் குறைபாடு, மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியன உடையோர்க்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் துணை நிற்கிறது. மாவட்ட ஆட்சியரை உள்ளிட்ட உள்ளூர்க் குழு, விண்ணப்பத்தை ஆய்ந்து காப்பாளரை அமர்த்தும். அமர்த்தப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியல் அளித்தல் வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும் வேண்டும். கீழ்பென்னாத்தூர் மக்கள் இதற்கு அணுக வேண்டிய இடம் மாவட்டத் தலைநகராகிய திருவண்ணாமலையே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுத்த காப்பாண்மை என்னும் முறையை ஏற்படுத்தியது. குறிப்பிட்ட ஒரு முடிவிற்காக, குறிப்பிட்ட காலத்திற்கு, அவருடைய விருப்பத்தையும் கேட்டறிந்து செயற்படும் துணைவரை மாவட்ட நீதிமன்றமோ அரசு குறித்த அதிகாரியோ அமர்த்தலாம். துணை நிற்பவர்க்கும் மாற்றுத் திறனாளிக்கும் சொத்தில் நலமுரண் ஏற்படுமாயின், அவர் அவ்விடயத்தில் விலகி நிற்றல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. வீட்டைத் தாமே வாங்க விரும்பும் தமையன், தம்பிக்குத் துணைவராக நின்று விலை பேசலாகாது என்பது இதன் பொருள்.

மனநோயால் அறிவிழந்தவர் சொத்தைக் காக்க 1912ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதன் இடத்தைப் பெற்ற 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்திலும் விரிவான விதிகள் இருந்தன. மாவட்ட நீதிமன்றம் விசாரித்துச் சொத்து மேலாளரை அமர்த்தும். அவர் சொத்தை விற்க நீதிமன்றத்தின் முன் இசைவு வேண்டும். 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. சிகிச்சை குறித்து முடிவெடுக்க உதவும் பிரதிநிதியை அது வகுத்ததே அன்றிச் சொத்து மேலாண்மைக்கு வழி வகுக்கவில்லை. நோயாளியின் மதிப்பைப் பல்லாற்றானும் உயர்த்திய சட்டம், அவருடைய சொத்தைப் பொறுத்தவரை ஓர் இடைவெளியை விட்டுச் சென்றது.

விபத்தாலோ மூளைக் குருதிக் கசிவாலோ ஆழ்மயக்கத்தில் கிடப்போர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவர்களுக்கெனத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. இவ்விடத்தில் உயர் நீதிமன்றங்களே, தம்மைக் காத்துக்கொள்ள இயலாதார்க்குப் பெற்றோர் நிலையில் நிற்கும் கடமை அரசுக்கு உண்டு என்னும் கோட்பாட்டைக் கைக்கொண்டு, அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உதவுகின்றன. 2019ஆம் ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் இதற்கு நெறிமுறைகளை வகுத்தது. நரம்பியல் வல்லுநர் இடம்பெறும் மருத்துவக் குழு நோயாளியை ஆய்தல் வேண்டும். வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த்துறை அலுவலர் நேரில் விசாரித்தல் வேண்டும். சொத்து விவரம் முழுமையாக வெளியிடப்படல் வேண்டும். இயல்பாக மனைவி அல்லது கணவன், அன்றி மக்கள் காப்பாளராகலாம். அவர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை நீதிமன்றத்திற்கு அறிக்கை தருதல் வேண்டும். கடமை தவறினால் நீக்கப்படுவார் என்பன அவற்றுள் சில.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024ஆம் ஆண்டு மே மாதம் ஒரு வழக்கு முடிவுற்றது. ஆழ்மயக்கத்தில் இருந்த கணவரின் சொத்தை விற்று மருத்துவம் பார்க்கவும் குடும்பத்தைக் காக்கவும் மனைவி இசைவு வேண்டினார். உரிமையியல் நீதிமன்றத்தை நாடுமாறு தனி நீதிபதி கூறி மனுவை ஏற்க மறுத்தார். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், பி. பி. பாலாஜி ஆகியோர், இத்தகைய துயர நிலையில் உள்ள ஒருவரை மீண்டும் உரிமையியல் நீதிமன்றத்திற்கு அலையச் செய்தல் தகாது எனக் கருதி, மனைவியைக் காப்பாளராக அமர்த்தி விற்பனைக்கு இசைவளித்தனர். ஆனால் ஒரு கட்டளையும் விதித்தனர். கணவர் பெயரில் 50 இலட்சம் ரூபாயை வைப்புத் தொகையாக இடுதல் வேண்டும். அவர் வாழ்நாள் வரை அம்முதல் நிலைத்திருக்க, மூன்று மாதத்திற்கு ஒருமுறை வட்டியை மட்டும் மனைவி பெற்றுக்கொள்ளலாம் என்பதே அது. இது தனியொருவர் சொத்து குறித்த வழக்காயினும் கூட்டுச் சொத்திற்கும் பாடமாக அமைவது. நீதிமன்றம் விற்பனைக்கு இசைந்ததோடு, விற்ற பணம் நோயாளியை விட்டு அகலாமலும் வேலி கட்டியது.

பாகப்பிரிவினை வழக்கு

பங்காளிகள் பலராயிருந்து காப்பாளர் பற்றிய கருத்து வேறுபாடும் இருப்பின், பாகப்பிரிவினை வழக்கே உகந்த வழியாகலாம். இயலாதவர் சார்பில் நிற்க வழக்குக் காப்பாளர் ஒருவரை நீதிமன்றம் அமர்த்தும். நீதிமன்றத்தின் இசைவின்றி அவர் சமரசம் செய்துகொள்ள முடியாது. சிறிய வீட்டைச் சுவரிட்டுப் பிரித்தால் எவர்க்கும் பயன்படாது என்று தோன்றினால், பாதிப் பங்கிற்குக் குறையாத உரிமையாளர் வேண்டுகோளின்படி வீட்டை விற்று விலையைப் பகிர நீதிமன்றம் ஆணையிடலாம். 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. இயலாதவர் சார்பில் விற்கவோ வாங்கவோ வேண்டுகோள் எழுமாயின், அது அவர்க்கு நன்மை பயக்கும் என்று நீதிமன்றம் கருதினாலன்றி ஏற்க வேண்டுவதில்லை என்றும் அச்சட்டம் கூறுகிறது.

1893இல் எழுதிய சட்டமும் 2024இல் எழுந்த தீர்ப்பும் கேட்பது ஒரே வினாவைத்தான்: இவ்விற்பனையால் இயலாதவர்க்கு என்ன நன்மை? இதற்கு விடை கூற இயலாத விற்பனை, எத்துணை முத்திரைத்தாளில் எழுதப்படினும் அறத்தின்முன் நில்லாது.

விற்ற பணம் யாருடையது?

மேற்கூறிய எடுத்துக்காட்டில், இசுலாமியக் குடும்பத்தின் வீடு 40 இலட்சம் ரூபாய்க்கு விலை போயிற்று எனக் கொண்டால், இளைய மகனுக்குரியது 14 இலட்சம். அது அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே சேர்தல் வேண்டும். மருந்து, உணவு, பணியாளர் ஊதியம், அவருடைய மனைவி மக்களின் வாழ்க்கை ஆகியவற்றிற்கு அதிலிருந்து செலவிட்டு, ஒவ்வொன்றிற்கும் பற்றுச்சீட்டு வைத்தல் கடமை. அவரை முன்னரே செலவு செய்து காத்த உடன்பிறந்தார் தாம் செலவிட்டதைக் கணக்குக் காட்டி நீதிமன்றத்தின் வழி ஈடு கேட்கலாம், தாமே எடுத்துக்கொள்ளலாகாது. வீடு விற்றபின் அவர் எங்கே தங்குவார் என்பதையும் விற்பதற்கு முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

இந்நெறி நம் சமயத்தார்க்குப் புதியதன்று. கடன் ஆவணம் எழுதும் முறையைக் கூறும் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாய வசனம், கடன்பட்டவர் அறிவிலோ வலிமையிலோ குறைந்து தாமே சொல்ல இயலாதவராயின் அவருடைய காப்பாளர் நீதி தவறாது சொல்லட்டும் என்று பணிக்கிறது. அநாதைகளின் பொருளைக் காப்போர்க்கு அந்நிஸா அத்தியாயம் விதிக்கும் கட்டுப்பாடுகளும், பொருளை ஒப்படைக்கும்பொழுது சாட்சிகளை அமைக்கச் சொல்வதும் நாம் அறிந்தவையே. காப்பாளர் என்பவர் உரிமையாளர் அல்லர். கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதே அவற்றின் சாரம்.

வருமுன் காத்தல்

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமும், தமிழர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமும், ஒருவர் நல்ல நிலையில் இருக்கும்பொழுதே, தாம் அறிவிழந்த பின்னும் செல்லத்தக்க நிலைத்த அதிகாரப் பத்திரம் எழுதி வைக்க வழி செய்துள்ளன. நம் நாட்டில் அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. ஆதலின் நாம் முன்கூட்டியே செய்யத்தக்கவை வேறு.

தந்தையார் மறைந்த ஓரிரு ஆண்டிற்குள், எல்லாரும் நலமாக இருக்கும்பொழுதே, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடல் தலையாயது. விற்கும் எண்ணம் இருப்பின், முதியவர்க்கு மறதி தோன்றும் முன்னரே விற்றுவிடுதல் நன்று. மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, பட்டா, வரி ரசீது ஆகியவற்றின் படிகளைப் பங்காளிகள் ஒவ்வொருவரும் வைத்திருத்தல் வேண்டும். நோய்ப்படுக்கையில் கிடப்பவரிடம் அவசரமாக நன்கொடைப் பத்திரம் எழுதி வாங்குதல் தீர்வாகாது. மரண நோயின்போது அளிக்கும் நன்கொடையை இசுலாமியச் சட்டம் மரண சாசனம் போன்றே கருதி, மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் பிற வாரிசுகளின் ஒப்புதலின்றிச் செல்லாது என்கிறது. வாரிசு ஒருவர்க்கே அளிப்பதாயின் எவ்வளவாயினும் மற்ற வாரிசுகளின் ஒப்புதல் வேண்டும்.

முடிவுரை

இயலாதவர் ஒருவர் பங்காளியாய் இருக்கும் வீட்டை விற்கலாம். ஆனால் அவரைத் தாண்டி விற்கலாகாது. காப்பாளரை நாடி நீதிமன்றம் செல்வதில் காலம் செல்லும், பொருளும் செல்லும். அதனைத் தடையென்று கருதாமல், பேச இயலாத ஒருவர்க்காகச் சட்டம் பேசும் நேரம் என்று கொள்ளல் வேண்டும். சட்டம் பயிலும் மாணவர்கள் தத்தம் ஊர்களில் இவ்வழிகளை எடுத்துக் கூறலாம். பஞ்சாயத்து பேசும் பெரியோர், "முதலில் அவர் பங்கு எங்கே?" என்னும் வினாவை எழுப்பிய பின்னரே பேச்சைத் தொடங்கலாம். நாளை அப்படுக்கையில் கிடக்கப் போகிறவர் நம்முள் எவரும் ஆகலாம். அன்று நம் பங்கை எவ்வாறு காக்க வேண்டுமென விரும்புவோமோ, அவ்வாறே இன்று பிறர் பங்கைக் காப்போமாக.